துணியே சென்சரானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் சனி, ஞாயிறு நாட்களில் இலத்திரனியல் வகுப்பு எடுக்கிறேன். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு நாள் துணியால் செய்த சென்சர் ஒன்றை மேசையில் வைத்து அமுக்கிக் காட்டினேன். அன்று தொடங்கியது. பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் வாப்பா, அம்மாமார், மருதமுனையில் தறி வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

துணி சென்சர் என்றால் துணியில் ஒட்டி வைத்த சென்சரா?

அப்படியும் செய்யலாம், ஆனால் இங்கே பேசுவது அதை இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்னச் சர்க்கியூட்டைத் தைத்துவிட்டால் அது சட்டைக்குள் இருக்கும் மின்சாதனம், அவ்வளவுதான். துணி சென்சரில் துணியே அளக்கிறது. மின்சாரம் கடத்தும் நூலால் பின்னிய ஒரு துண்டை இழுத்தால், மடித்தால், அமுக்கினால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் இழுத்தது எவ்வளவு, அமுக்கியது எவ்வளவு என்று தெரியும்.

நூல் எப்படி மின்சாரம் கடத்தும்?

வழக்கமாக மூன்று வழி. நைலோன் நூலுக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சுக் கொடுப்பது ஒன்று. துருப்பிடிக்காத உருக்கைத் தலைமயிரை விட மெல்லிய இழைகளாக இழுத்து, பருத்தியோடோ பொலியெஸ்டரோடோ சேர்த்து முறுக்குவது இன்னொன்று. மூன்றாவது, கரி கலந்த இழை. வெள்ளி நூலில் தடை குறைவு, கைக்கும் மெதுவாக இருக்கும், விலை கூட. உருக்கு நூல் கொஞ்சம் முரடு, ஆனால் உழைக்கும். கரி நூலுக்குத் தடை அதிகம் என்பதால் அதை வயராகப் பாவிப்பதில்லை, சென்சர் பகுதிக்குத்தான் எடுப்பார்கள்.

ஆய்வுகூடங்களில் கரியின் நுண்ணிய வடிவங்களான கிராபீன், கார்பன் நானோகுழாய், காலியமும் இண்டியமும் கலந்த திரவ உலோகம் எல்லாம் ஓடுகின்றன. அந்தத் திரவ உலோகம் ஏறக்குறைய 16 பாகை செல்சியஸில் உருகிவிடும், ஆகவே நம் ஊரில் எப்போதும் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். அதை மெல்லிய சிலிக்கன் குழாய்க்குள் அடைத்தால் இழுக்க இழுக்க நீளும் வயர் கிடைக்கும். அழகான வேலை. வகுப்பு மேசைக்குச் சரிவராது.

இழுத்தால் தடை கூடுமா, குறையுமா?

எல்லோரும் "கூடும்" என்றுதான் சொல்வார்கள். கம்பி நீண்டு மெலிந்தால் தடை கூடும் என்று பௌதிகவியலில் படித்ததுதானே. பின்னல் துணியில் கதை வேறு. பனியன் துணியை உற்றுப் பாருங்கள், சின்னச் சின்ன வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொழுவிக் கிடக்கும். மின்சாரம் நூல் வழியே மட்டும் போவதில்லை, வளையமும் வளையமும் தொடும் புள்ளிகள் வழியேயும் குறுக்குப் பாதையில் பாய்கிறது. இழுக்கும்போது வளையங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால் தொடுகை நன்றாகி, தடை குறையும். வளையங்கள் விலகினால் கூடும். ஒரே நூலை இறுக்கமாகப் பின்னியதும் தளர்வாகப் பின்னியதும் எதிரெதிராக நடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே துண்டைக் குறுக்கே இழுத்தால் ஒரு மாதிரி, நெடுக்கே இழுத்தால் வேறு மாதிரி.

இந்த ஒரு விசயம் பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம். நூல் என்பது கச்சாப் பொருள், சென்சர் என்பது பின்னலின் அமைப்பு.

இதன் உணர்திறனை எப்படிச் சொல்வது?

தடை எத்தனை பங்கு மாறியது என்பதை, நீளம் எத்தனை பங்கு மாறியது என்பதால் பிரியுங்கள். 100 ஓம் இருந்த பட்டி, 20 சதவீதம் இழுத்தபோது 140 ஓம் ஆனது என்று வைப்போம். 0.4 ஐ 0.2 ஆல் பிரித்தால் 2.

பாலங்களிலும் தராசுகளிலும் ஒட்டி நீட்சியை அளக்கும் உலோகத் தகட்டு விகாரமானிக்கும் ஏறக்குறைய அதே 2 தான். அப்படியானால் துணி எதற்கு? உலோகத் தகடு சில சதவீதத்துக்கு மேல் இழுபட்டால் அறுந்துபோகும். முழங்கால் மடியும்போது அதன் மேல் தோல் 30 சதவீதத்துக்கு மேலேயே நீளும். அந்த இடத்தில் தகடு நிற்காது, துணி நிற்கும்.

தடையை அளக்கும் வகை மட்டும்தானா?

இல்லை. இரண்டு கடத்தும் துணிகளுக்கு நடுவே மெத்தென்ற ஒரு படையை வைத்தால் அது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி. அமுக்கினால் இடைவெளி குறையும், கொள்ளளவம் கூடும். தடை வகையை விட அளவு சீராக வரும் என்பது இதன் சிறப்பு. ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைக் காற்றில் ஒரு சிக்கல் உண்டு. பருத்தி தன் நிறையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தைச் சும்மா காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கொள்ளளவத்தைக் கூட்டும் குணமான மின்கோடுபுகுதிறன் தண்ணீருக்குக் காற்றைப் போல் 80 மடங்கு. ஆகவே நடுப்படை பருத்தியாக இருந்தால், மாரி மழை தொடங்கியதும் யாரும் தொடாமலே அளவு ஏறி நிற்கும். பொலியெஸ்டர் அரை சதவீதம்கூட ஈரம் எடுக்காது. நடுப்படைக்கு அதைப் போடுங்கள்.

அமுக்கும் கணத்தில் தானே மின்னழுத்தம் தரும் இழைகளும் உண்டு. பிவிடிஎப் என்ற பிளாஸ்டிக்கில் அந்தக் குணம் பலமாக இருப்பதை 1969 இல் ஜப்பானில் கவாய் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். நாடித் துடிப்பு, தட்டு, அதிர்வு போன்றவற்றுக்கு நல்லது. ஒருவர் கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதை அது சொல்லாது.

மருதமுனைக் கைத்தறியில் இதை நெய்ய முடியுமா?

நான் அதிகம் விரும்பும் கேள்வி இதுதான். முடியும். ஆனால் இழுபடும் சென்சர் வேண்டுமென்றால் தறியை விட்டுவிட்டுப் பின்னல் ஊசிக்குப் போங்கள். பாவு என்ற நெடுக்கு நூலும் ஊடை என்ற குறுக்கு நூலும் நேராக ஓடும் நெசவுத்துணி நீளவாக்கில் அதிகம் இழுபடாது. தறிக்கு ஏற்றது அழுத்தச் சென்சர்.

முறை இப்படி. ஒரு துணியில் கடத்தும் நூல் பட்டிகள் நெடுக்கே வரவேண்டும், இன்னொன்றில் குறுக்கே. நடுவில் கரி கலந்த மெல்லிய படை. 8 நெடுக்குப் பட்டி, 8 குறுக்குப் பட்டி என்றால் 64 சந்திகள், ஒவ்வொரு சந்தியும் ஒரு சென்சர். வயர் 16 போதும்.

உருக்கு கலந்த நூற்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். சாறனும் சாரியும் நெய்யும் தறி. நூலை விரலில் சுற்றி, இழுத்து, நகத்தால் உரசிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது பாவுக்கு ஆகாது. அச்சுல உரசி மயிர் கிளம்பும். ஊடைக்கு வேணுமெண்டா போடுவம்." நான் இரண்டு வாரம் செலவழித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டிய விசயம். பாவு நூல் நெடுகிலும் இழுவையில் நிற்கிறது, ஒவ்வொரு அடிக்கும் அச்சு என்ற சீப்பின் பற்களில் தேய்கிறது. ஊடைக்கு அந்தத் தொல்லை இல்லை, நூலை இடம் வலமாகக் கொண்டு ஓடும் நாடாவில் சுற்றி ஓடவிட்டால் சரி. ஆகவே இரண்டு துணியையும் ஊடையிலேயே பட்டி போட்டு நெய்தோம். அப்புறம் ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பி மற்றதன் மேல் வைத்தோம். நெடுக்கும் குறுக்கும் கிடைத்துவிட்டது.

ஒரு பிழை மட்டும் என்னுடையது. பட்டிக்கும் பட்டிக்கும் நடுவே நான்கு சாதா இழை போதும் என்று சொல்லியிருந்தேன். மின் தொடர்பு இருந்தால் சத்தமிடும் மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் எல்லாப் பட்டியும் எல்லாவற்றோடும் "பீப்" என்றது. உருக்கு இழையின் நுனிகள் பூனை மயிர் மாதிரி எட்டிப் பார்த்து அடுத்த பட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தன. அடுத்த தடவை ஒரு விரல் அகலம் விட்டோம். அதற்குப் பிறகு சத்தமில்லை.

என் அபிப்பிராயத்தைச் சொன்னால், இந்தத் தொழில்நுட்பத்தில் சர்க்கியூட்டும் புரோகிராமும் சுலபமான பாதி. கஷ்டமான பாதி துணி. அந்தப் பாதி தெரிந்தவர்கள் மருதமுனையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

மூன்று இடத்தில் அமுக்கினால் நான்காவது இடமும் அமுங்கியதாகக் காட்டுகிறதே?

அது பேய் அழுத்தம். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அமுக்கினால், மின்னோட்டம் அந்த மூன்று சந்திகள் வழியே சுற்றிப் போய் நான்காவது மூலைக்கு வந்துவிடும். அளக்கும் வரிசையைத் தவிர மற்ற வரிசைகளை அந்தரத்தில் விடாமல் பூச்சிய வோல்ற்றில் பிடித்து வைத்தால் பெருமளவு அடங்கும். தனித்தனிப் பொத்தான்களாகப் பாவிப்பதென்றால் ஒவ்வொரு சந்திக்கும் மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்றைப் போடலாம், ஆனால் 64 டயோட்டைத் துணியில் தைக்கப் பொறுமை வேண்டும்.

ஆர்டுயினோ என்ற சின்னப் புரோகிராம் போர்டோடு எப்படி இணைப்பது?

சென்சரையும் ஒரு சாதாரண தடையியையும் தொடராக இணைத்து, 5 வோல்ற் கொடுத்து, இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு வயரை, மாறும் வோல்ற்றளவை வாசிக்கும் அனலொக் காலுக்குக் கொண்டுபோங்கள். ஆர்டுயினோ ஊனோ அந்த வோல்ற்றளவை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும்.

பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு 10 கிலோ ஓம் போடுவார்கள். எங்கள் துண்டு சும்மா கிடக்கும்போது 20 கிலோ ஓம், பெருவிரலால் நன்றாக அமுக்கினால் 1 கிலோ ஓம். 10 கிலோ ஓம் போட்டால் எண் 341 இலிருந்து 930 வரை போகும், 589 படி. 4.7 கிலோ ஓம் போட்டால் 195 இலிருந்து 844 வரை, 649 படி. அதே சென்சர், அதே செலவு. சென்சரின் ஆகக் கூடிய தடையையும் ஆகக் குறைந்த தடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், அதற்குக் கிட்டிய தடையியைப் போடுங்கள். 20 ஐயும் 1 ஐயும் பெருக்கி மூலம் எடுத்தால் 4.47, கடையில் கிடைப்பது 4.7.

நூலோ துணியோ எங்கே வாங்கலாம்?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ கடையில் கேட்டால் சிரிப்பார்கள். ஒன்லைனில் எடுக்கலாம், வர நாளாகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கணினி திருத்தும் கடைகளில் ஐசி சில்லுகளைக் குத்தி வைக்கும் கறுப்பு ஸ்பொஞ்சைத் தூக்கி எறிவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். கரி கலந்தது, அமுக்கினால் தடை குறையும். இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே வைத்தால் முதல் அழுத்தச் சென்சர் தயார். ஒரு சதம் செலவில்லை. இளஞ்சிவப்பு ஸ்பொஞ்ச், இளஞ்சிவப்புப் பை இரண்டும் இதற்கு உதவாது.

வயரை நூலில் ஈயம் வைத்து ஒட்டலாமா?

வெள்ளி பூசிய நைலோனில் வைக்காதீர்கள். ஈயம் ஒட்டும் கோல் 350 பாகையில் நிற்கும், நைலோன் அதற்கு வெகு முன்பே உருகி, பூச்சோடு சுருண்டுவிடும். உலோக அமுக்குப் பொத்தான் தைத்து, வயரை அதன் மறுபாதியில் ஒட்டுங்கள். கழற்றிக் கழுவவும் வசதி. என்னிடம் திருத்த வரும் துணி சென்சர்களில் பாதிக்கு மேல் பழுது இந்த இணைப்பில்தான். மெதுவான துணியும் விறைப்பான வயரும் சந்திக்கும் கோட்டில் எல்லா மடிப்பும் வந்து சேரும், நூல் அங்கேதான் அறும். சந்திக்கும் இடத்தில் ஒரு தடித்த துணித்துண்டை உள்பக்கமாக வைத்துத் தைத்தால் மடிப்பு அரை அங்குலம் தள்ளிப் போகும்.

அமுக்கி எடுத்த பிறகு எண் பழைய இடத்துக்கு வரவில்லை. பழுதா?

பழுதில்லை, துணியின் குணம். சோதித்துப் பாருங்கள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நான்கை எடுங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைக் கிலோ. ஒரு பலகைத் துண்டைச் சென்சர் மேல் வைத்து, போத்தலை ஒவ்வொன்றாக ஏற்றி எண்ணைக் குறியுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கிக் குறியுங்கள். ஏறும்போது ஒரு கிலோவில் வந்த எண்ணும் இறங்கும்போது அதே ஒரு கிலோவில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து நகர்கின்றன, போன வழியே திரும்பி வருவதில்லை. போத்தலை அப்படியே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தால் எண் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

ஆகவே இதைத் தராசாகப் பாவிக்க நினைக்காதீர்கள். விரல் மடிந்ததா, மூச்சு ஏறியதா, கால் நிலத்தில் பட்டதா என்று மாற்றத்தைக் கேளுங்கள், நன்றாகச் சொல்லும். புதுத் துண்டை முதலில் ஒரு ஐம்பது தடவை இழுத்து விட்டுப் பிறகு அளவெடுத்தால் முன்னுக்குப் பின் முரண் குறையும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது மாதிரி.

துவைக்கலாமா?

பொத்தானைக் கழற்றி, பற்றறியை எடுத்துவிட்டு, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கையால் அலசலாம். கல்லில் அடிக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, வெளுக்கும் திரவம் கிட்டேயும் வரக் கூடாது. வெள்ளிப் பூச்சு துவைக்கத் துவைக்கத் தேயும், தடை ஏறும். உருக்கு நூல் இதில் கெட்டிக்காரன்.

துவைப்பதை விட வியர்வையும் காற்றும்தான் எனக்குப் பெரிய எதிரி. கல்லடியில் வாவிக்குக் கிட்டே உள்ள உறவினர் வீட்டில் வெள்ளி நூல் தைத்த கையுறை ஒன்றை மேசை லாச்சிக்குள் மறந்து வைத்துவிட்டேன். சில மாதம் கழித்து எடுத்தால் நூல் கறுத்து, தடை பல மடங்கு. வெள்ளிக் கொலுசு கறுப்பது போலத்தான், காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட் ஆகிவிடும். வாவிச் சேற்றிலிருந்து கூழ்முட்டை நாற்றம் அடிக்கிறதே, அந்த வாயுவும் இதே வேலையைச் செய்யும். இப்போது பூட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கிறேன்.

உடம்பில் ஷொக் அடிக்குமா?

3.7 அல்லது 5 வோல்ற்றில் அடிக்காது. ஆனால் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு, அதோடு வயரால் இணைத்த சட்டையைப் போட வேண்டாம். லிதியம் பற்றறியைத் துணி மடிப்புக்குள் நசியும்படி தைக்கவும் வேண்டாம்.

ரோபோவுக்கு எதற்குத் துணி?

இரும்புக் கை ரோபோவுக்கு மூட்டு எங்கே என்று தெரியும், ஒவ்வொரு மூட்டிலும் கோணத்தை அளந்தால் கை எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடலாம். காற்று ஊதி வளைக்கும் சிலிக்கன் விரலில் மூட்டே இல்லை, முழு நீளமும் வளையும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் வைட்சைட்ஸ் குழு 2011 இல் காட்டிய ரோபோ இந்த வகை. தாழ்ந்த கண்ணாடித் தடுப்புக்குக் கீழே நெளிந்து நுழைந்து போகும். அப்படிப்பட்ட உடம்பில் விறைப்பான சென்சரை வைத்தால் அது வளைவையே தடுத்துவிடும். வளையும் பக்கத்தில் பின்னல் சென்சரைப் பதித்தால், விரல் எவ்வளவு வளைந்தது, பிடித்த பொருள் எப்போது தட்டுப்பட்டது இரண்டும் தெரியும். எருமைத் தயிர்ச் சட்டியைத் தூக்குவதாக நினையுங்கள். மண் சட்டி, பிடி தளர்ந்தால் விழும், இறுகினால் வெடிக்கும். நம் கை அதை யோசிக்காமல் செய்வது தோலில் உணர்வு இருப்பதால்தான்.

துணி ரோபோவின் தசையாகவும் ஆகும். 1950களில் அமெரிக்காவில் ஜோசப் மெக்கிபன், போலியோவால் கை இயங்காமல் போன தன் மகளுக்காகப் பாவித்த செயற்கைத் தசை மிக எளிமையானது. றப்பர்க் குழாய், அதன் மேல் வலைப்பின்னல் உறை. காற்று ஊதினால் குழாய் பருக்கும், உறை குறுகி இழுக்கும். பின்னல் இழைகள் குழாயின் நீள அச்சோடு ஏறக்குறைய 54.7 பாகைக்கு வந்ததும் சுருக்கம் நின்றுவிடும். இங்கேயும் வேலையைத் தீர்மானிப்பது பின்னலின் கோணம்.

இதை முதலில் யார் செய்தது?

ஒருவரைக் காட்ட முடியாது. 1990களில் அமெரிக்காவின் ஜோர்ஜியா ரெக் பல்கலைக்கழகத்தில் சுந்தரேசன் ஜெயராமன் குழு அமெரிக்கக் கடற்படைப் பணத்தில், குண்டு துளைத்த இடத்தையும் உடல் நிலையையும் சொல்லும் நெய்த சட்டையை உருவாக்கியது. 2007 இல் லியா பியூக்லி துணியில் தைக்கக்கூடிய லிலிபாட் ஆர்டுயினோவைக் கொண்டுவந்தார், என் வகுப்பெல்லாம் அதற்குக் கடமைப்பட்டது. கூகிளும் லீவைசும் 2017 இல் தொடு உணர்வுள்ள டெனிம் ஜக்கெட் விற்றன. அந்தத் திட்டத்துக்கு ஜக்கார்டு என்று தறியின் பெயர். 2023 இல் அது மூடப்பட்டது. போனைத் தொடுவதற்குப் பதிலாகச் சட்டைக் கையைத் தடவ யாருக்குத் தேவை இருந்தது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

நீரிழிவுக்காரரின் காலுக்கு உதவுமா?

உதவும் இடம் இது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்திப் புண்ணாவது வலியால் தெரியாது. செருப்புத் தளத்தில் அழுத்தத் துணி வைத்தால் அந்த இடம் தெரியும். பாரிசவாதத்துக்குப் பிறகு விரல் பயிற்சிக்குக் கையுறை, மூச்சை எண்ணும் நெஞ்சுப் பட்டி எல்லாம் ஆய்வில் நன்றாகப் போகின்றன. ஆனால் என் வகுப்பில் செய்வது விளையாட்டுச் சாமான். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது, கிளினிக்குக்குப் போங்கள்.

மகள் இதைப் படிக்க விரும்புகிறாள். எங்கே?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புடவை, ஆடைப் பொறியியலுக்குத் தனித் துறை உண்டு. கிட்ட என்றால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். எந்த வழியில் போனாலும் பின்னல் ஊசியும் மல்டிமீற்றரும் இரண்டுமே கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

முதல் வேலையாக எதைச் செய்யலாம்?

மூச்சுப் பட்டி. தையல் கடையில் இரண்டு விரல் அகல இலாஸ்டிக் வாங்கி, நெஞ்சைச் சுற்றி அளந்து, நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கடத்தும் நூலை வளைந்து வளைந்து ஓடும் தையலாகத் தையுங்கள். நேர்த்தையல் போட்டால் முதல் மூச்சிலேயே அறும். வளைவுகள் பக்கத்தில் பக்கத்தில் தொட்டு நிற்கட்டும், மூச்சை இழுக்கும்போது அவை விலகித் தடை மாறும். தைக்கும்போது இலாஸ்டிக்கைப் பாதி இழுத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். என் வகுப்பில் அந்த வேலைக்குத்தான் ஆகக் கூடிய சண்டை.